இருபத்து நான்கு வளையங்களின் நீளம்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல படம் வரையறா" என்று அம்மா சொல்லிவிடுவார். அதில் தவறில்லை. இயந்திர உறுப்புகளை நான் வரைகிறேன், பட்டறையில் அந்தப் படத்தைப் பார்த்து இரும்பை வெட்டுகிறார்கள். ஆனால் வரைவதில் பெரிய சிரமம் கிடையாது. சிரமமெல்லாம் அளவு போடுவதில். இருபது மில்லிமீட்டர் என்று நான் எழுதிவிடலாம். உலகத்தில் யாராலும் சரியாக இருபது வெட்ட முடியாது. மயிரிழை கூடும், இல்லை குறையும். எவ்வளவு கூடினால் பரவாயில்லை, எவ்வளவு குறைந்தால் பரவாயில்லை என்பதையும் டிராயிங்கிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் டாலரன்ஸ்.

வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம் அதை நான் தப்பாக எழுதினேன். அந்தத் தப்பை ஒரு பகல் முழுக்க இன்னொருத்தி சுமந்தாள். அவளுக்கு நான் நேராக நன்றி சொன்னது குறைவு. "அத விடுக்கா" என்று பேச்சை மாற்றிவிடுவாள். அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் பட்டறை வேட்டவலம் ரோட்டில் இருக்கிறது. பதினொரு பேர். ரைஸ் மில்லுக்கான உதிரி பாகங்கள், மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கிற மிஷின், கரும்பு ஜூஸ் மிஷினுக்கு ரோலர் என்று எது வந்தாலும் செய்வோம். சின்ன இடம் என்பதால் வரைவதும் நான்தான், வெட்டி வந்ததை மைக்ரோமீட்டரில் அளந்து பாஸ் போடுவதும் நான்தான். வரைந்தவரே சரிபார்க்கக் கூடாது என்று கல்லூரியில் சொல்லித்தந்தார்கள். பதினொரு பேர் உள்ள இடத்தில் அதெல்லாம் நடக்காது.

அந்தப் பெண்ணுக்கு ஊர் கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை. வீட்டில் விவசாயம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் இளநீர்க் கடை. ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவள், அதாவது இரும்பைச் சுழலவிட்டு வெட்டுகிற லேத் வேலை. ஆனால் பட்டறையில் அவளுக்குக் கிடைத்தது லேத் இல்லை, அரம். மற்றவர்கள் வெட்டிப் போட்டதில் ஓரத்துப் பிசிறை அரத்தால் தேய்த்து எடுக்கிற மேஜை. இரண்டு வருஷம் அதில் இருந்தாள். எங்களிடம் இரண்டு லேத் உண்டு. ஒன்றில் போர்மேன் நிற்பார். இன்னொன்றில் நின்றவர் ஓசூருக்குப் போய்விட்டார். அவர் போன மறுநாளே அவள் முதலாளியின் அறைக்குப் போய், "சார், அந்த லேத்து நான் பாக்குறேன்" என்று கேட்டாள்.

போர்மேனுக்கு அது பிடிக்கவில்லை. ராணிப்பேட்டையில் அனுபவமுள்ள ஒருவரைப் பேசி வைத்திருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல மொதலாளி. எதுனா கெட்டுப்போச்சுனா பதில் சொல்ல வேண்டியது நான்தானே?" என்றார்.

முதலாளி ஒரு வழி சொன்னார். "இந்த பாட்டில் மிஷின் ஆர்டரு வந்திருக்கு. அதுல வளையம் மொத்தமும் அந்தப் பொண்ணு வெட்டட்டும். பௌர்ணமிக்குள்ள மிஷின் நல்லபடியா வெளிய போச்சுனா லேத்து அதுக்கு. இல்லன்னா உன் ராணிப்பேட்டை ஆளை வரச் சொல்லு."

அவளுக்கு அது போதும். அன்று மாலையே அரத்தை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்தாள். "நீங்களே வச்சிக்கோங்கக்கா. எங்கிட்ட இருந்தா திரும்ப எடுத்துடுவேன்."

பாட்டில் மிஷின் என்றது கிரிவலப் பாதையில் சேரும் தண்ணீர் பாட்டில்களை நறுக்கும் இயந்திரத்தை. பௌர்ணமி முடிந்த காலையில் பதினான்கு கிலோமீட்டருக்கும் பாட்டில் கிடக்கும். அதை மூட்டை கட்டி வாங்கும் குடோன்காரர் ஒருவர், வாங்கிய இடத்திலேயே நறுக்கிவிட்டால் ஒரு லோடில் பல லோடு ஏற்றலாம் என்று கணக்குப் போட்டு எங்களிடம் வந்தார். ஒரு பெட்டிக்குள் இரண்டு தண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் சுழலும். ஒவ்வொரு தண்டிலும் இருபத்து நான்கு கத்திகள். கத்திக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு வளையம். ஆக ஒரு தண்டுக்கு இருபத்து நான்கு வளையம், இரண்டுக்கும் சேர்த்து நாற்பத்தெட்டு. கத்திகள் வெளியில் சாணை பிடித்து வந்துவிட்டன, அவற்றில் வம்பில்லை. வளையங்களை நாங்கள் வெட்ட வேண்டும்.

முழு இயந்திரமாக நான் வரைந்த முதல் டிராயிங் அது. வளையத்தின் அகலம் இருபது மில்லிமீட்டர் என்று போட்டேன். அதன் பக்கத்தில், பத்தில் ஒன்று கூடலாம், பத்தில் ஒன்று குறையலாம் என்று போட்டேன். எல்லாவற்றையும் தண்டில் கோத்து முடித்ததும் பெட்டியின் பக்கத் தகட்டுக்கு அரை மில்லிமீட்டர் இடம் விட்டேன். அந்த அரைக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். இருபத்து நான்கில் சில கொஞ்சம் கூடும், சில கொஞ்சம் குறையும், ஒன்றின் பிழையை இன்னொன்று சரிக்கட்டிவிடும், மிஞ்சிப் போனால் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம் வரும். பாடப் புத்தகத்தில் இருக்கிற கணக்கு. தேர்வில் அதற்கு எனக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

டிராயிங்கைக் கையில் வாங்கியதும் அவள் கேட்டாள்.

"அக்கா, பத்து பாயிண்ட் ஜாஸ்தி, பத்து பாயிண்ட் கம்மினு போட்டிருக்கீங்க. நான் எதுல நிக்கட்டும்?"

எங்கள் பட்டறையில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்கு ஒரு பாயிண்ட் என்று பெயர்.

"ரெண்டுக்கும் நடுவுல எங்க வேணா இருக்கலாம். எல்லாமே பாஸ்தான்" என்றேன்.

"நெசமா?"

"நெசமாத்தான்."

அவள் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி வந்து, ஒவ்வொரு வளையத்துக்கும் வரிசை எண் போட்டு, அளந்ததைப் பக்கத்தில் எழுதினாள். ஒன்பது நாளில் நாற்பத்தெட்டும் முடிந்தன. நான் எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். ஒன்றுகூட எல்லையைத் தாண்டவில்லை. அரத்தோடு இருந்த பெண்ணின் முதல் வேலை என்று நம்ப முடியாத அளவுக்கு ஒன்றுபோல் இருந்தன. பாஸ் என்று கையெழுத்துப் போட்டேன். "ஒண்ணுகூட திரும்பி வரலியா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, போர்மேனுக்குக் கேட்கும்படி ஒரு விசில் அடித்தாள்.

பௌர்ணமிக்கு நான்கு நாள் இருந்தது. எங்கள் ஊரில் பௌர்ணமியன்று வண்டிகளை வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். குடோன் ஊரின் அந்தக் கோடியில். மிஷினை ஏற்றிய லாரி அதற்கு முன்னால் ஊரைக் கடந்தாக வேண்டும். அன்று பத்து மணிக்குக் கோர்க்க ஆரம்பித்தோம். கத்தி, வளையம், கத்தி, வளையம். கடைசி வளையமும் ஏறியபின் போர்மேன் பக்கத் தகட்டைத் தூக்கி வைத்து போல்ட்டை முடுக்கினார். தகடு உட்காரவில்லை. இன்னும் முடுக்கினார். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் எடுத்து, தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகிப் பார்த்தார். அது கச்சிதமாக உள்ளே போனது.

"ஒரு ரூபா போவுது பாரு" என்றார். "ஆத்தா, வளையமா வெட்டுன? வளையல் வெட்டிக்கினு இருந்திருக்க."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அளவு பாத்துதாண்ணா வெட்டுனேன். நோட்டுல இருக்குது" என்றாள் அவள்.

"நோட்டுல இருந்து இன்னா பிரயோஜனம்? மிஷின்ல இருக்கணும்." முதலாளி பக்கம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னேன்."

முதலாளி ராணிப்பேட்டைக்காரரின் போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். கெஞ்சலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தவள் பார்க்கிற பார்வை. எல்லா வளையமும் பாஸ் என்று கையெழுத்துப் போட்டவள் நான். அதை அந்த இடத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்லியிருக்கலாம். நான் கையிலிருந்த டிராயிங்கைப் பார்த்தபடி நின்றேன். பிறகு, "மறுபடி ஒரு தடவ செக் பண்ணிட்டுச் சொல்றேன் சார்" என்று மேஜைக்குப் போய்விட்டேன். அந்த மதியம் முழுக்க அவள் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மாலை டவுன் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. எனக்கு எதையும் வரிசை எண் போட்டு எழுதினால்தான் யோசனை ஓடும். கைப்பையிலிருந்த நோட்டில் ஒன்று என்று போட்டு, வளையங்கள் எல்லாம் எல்லைக்குள் இருக்கின்றன என்று எழுதினேன். இரண்டு, தகடு உட்காரவில்லை. மூன்று, ஒன்றும் இரண்டும் உண்மை என்றால் தப்பு எல்லையில் இருக்கிறது. நான்கு, எல்லையை எழுதியது நான். ஐந்து என்று போட்டுவிட்டு, அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று எழுதினேன். அதற்குப் பதில் எழுதாமல், மதியம் அவள் நோட்டிலிருந்து படம் பிடித்து வைத்திருந்த அளவுகளை போனில் திறந்தேன். 20.08. 20.07. 20.09. 20.08. நாற்பத்தெட்டு வரியிலும் இருபதுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் அவள் கேட்ட கேள்வி புரிந்தது. எதில் நிற்கட்டும் என்று அவள் கேட்டாள். வெட்டுகிறவர் ஒரு பக்கம் நின்றுதான் ஆக வேண்டும். கூடிப் போன இரும்பை மறுபடி பிடித்து இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். குறைந்து போனதை ஒட்ட முடியாது. பிசிறு மேஜையில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவள், குறைந்து போன எத்தனையோ துண்டுகள் பக்கத்துப் பழைய இரும்புப் பெட்டியில் விழுந்ததைப் பார்த்திருக்கிறாள். அதனால் மேல் எல்லைக்கு ஒட்டினாற்போல் நின்றாள். நாற்பத்தெட்டு முறையும் அதே ஜாக்கிரதை. என் கணக்கோ, பிழைகள் இரண்டு பக்கமும் சிதறும் என்று நம்பியிருந்தது. ஜாக்கிரதை ஒரே பக்கம்தான் போகும். வளையத்துக்கு எட்டு பாயிண்ட் என்று இருபத்து நான்கும் சேர்ந்தால் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர். நான் விட்டிருந்தது அரை. மீதிதான் அந்த ஒரு ரூபாயின் கனம்.

செங்கம் ரோட்டில் இறங்க வேண்டிய நான் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போனேன். பட்டறையின் பின்சுவரில் உதிரி பாக அலமாரி இருக்கிறது. பழைய ஆர்டர்களுக்குப் போர்மேன் வெட்டி மிஞ்சியவை தாள் சுற்றி அதில் கிடக்கும். கூடுதல் பக்கம் நிற்பது அவள் மட்டும்தானா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பதினோரு துண்டுகளை எடுத்து, துடைத்து, அளந்து, அவற்றின் பழைய டிராயிங்கோடு ஒப்பிட்டு எழுதினேன். பதினொன்றும் கூடுதல் பக்கம்.

முதலாளி வந்ததும் அவர் அறையில் நின்றுகொண்டே சொன்னேன். "சார், வளையம் எதுவும் தப்பில்ல. டிராயிங்தான் தப்பு. நேத்தே சொல்லியிருக்கணும், சொல்லல. ரெண்டுக்கும் சாரி."

அவர் போர்மேனையும் கூப்பிட்டார். நான் கணக்கைக் காட்டினேன். போர்மேன் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிம்மா, டிராயிங்கே தப்பா இருக்கட்டும். கொஞ்சம் யோசிச்சு வெட்டுனா இன்னா? எல்லாத்தையுமா ஜாஸ்தியா வைப்பா ஒருத்தி?" என்றார்.

நான் இரண்டாவது தாளை அவர் முன்னால் வைத்தேன். அவர் வெட்டிய பதினோரு துண்டுகளின் அளவுகள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். அவர் கோபப்பட்டால் என்ன சொல்வது என்று நான்கு பதில்கள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என் கையையே எனக்கு எதிரா சாட்சி சொல்ல வச்சிட்டியேம்மா" என்றார். பிறகு முதலாளியிடம், "மொத நாளு அதுகிட்ட ஜாஸ்தியா விடு, கம்மியா எடுத்துடாதனு சொன்னதே நான்தான் மொதலாளி. சொன்னத கேட்டுக்கிச்சு. அது மேல தப்பு இல்ல" என்றார்.

அவர் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. முதல் நாள் அவளிடம் அவர் என்ன சொன்னார் என்பது அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. சொல்லாமல் விட்டிருந்தால் ராணிப்பேட்டை ஆள் வந்திருப்பார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது முதலில் ஞாபகம் வருகிறது.

"யார் தப்புன்றது இருக்கட்டும்" என்றார் முதலாளி. "பௌர்ணமிக்கு மூணு நாளு இருக்குது. வண்டி போவுமா, போவாதா?"

போகும் என்றேன். இங்கேதான் அவளுடைய ஜாக்கிரதை எங்களைக் காப்பாற்றியது. ஒவ்வொரு வளையத்திலும் எடுக்க இரும்பு மிச்சமிருந்தது.

டிராயிங்கைத் திருத்தினேன். இருபது என்ற எண்ணை மாற்றவில்லை. மேலே பூஜ்ஜியம், கீழே பத்தில் ஒன்று என்று எல்லையை மட்டும் மாற்றினேன். குறையலாம், ஒரு பாயிண்ட்கூட மிஞ்சக் கூடாது. அதற்குக் கீழே இன்னொரு அளவையும் சேர்த்தேன். இருபத்து நான்கையும் ஒன்றாக அடுக்கி இறுக்கினால் மொத்த நீளம் நானூற்று எண்பதைத் தாண்டக் கூடாது. முதல் டிராயிங்கிலேயே அந்த வரி இருந்திருக்க வேண்டும். தனித்தனியாகச் சரியாக இருப்பவை சேர்ந்தபின் என்ன ஆகும் என்பதை நான் எழுதவே இல்லை.

அதை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். அவள் பிசிறு மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அரத்தைத் திரும்ப எடுக்க டிராயர் சாவியைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"நேத்து நான் பேசியிருக்கணும்" என்றேன்.

"ஆமா" என்றாள். "ராத்திரி எங்கப்பா கேட்டாரு, அந்தப் படம் போடற பொண்ணு இன்னா சொல்லுச்சுனு. செக் பண்ணிட்டுச் சொல்றேன்னு சொல்லிச்சுனு சொன்னேன். செக் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன். என் தப்பு. மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

அவள் கையை நீட்டி டிராயிங்கை வாங்கினாள். நேரே அந்த அளவுக்குப் போனாள்.

"மேல பூஜ்ஜியம்னா, இருபதத் தாண்டவே கூடாதா?"

"கூடாது."

"அப்ப ரெண்டு பாயிண்ட் உள்ள தள்ளி நின்னுக்கறேன். இத மொதல்லயே எழுதியிருந்தா ரெண்டு தடவ வெட்ட வேணாம்க்கா."

அவள் கணக்குப் போடாமல் சொன்ன இரண்டு பாயிண்ட்தான் நான் கணக்குப் போட்டு எதிர்பார்த்ததும். அவள் எங்கே நிற்பாள் என்று தெரிந்துகொண்டு எல்லையை அங்கே வைத்தேன், அவ்வளவே. எட்டு மாதம் ஒரு பட்டறைக்குள் உட்கார்ந்திருந்தும் வெட்டுகிறவரின் கை எந்தப் பக்கம் சாயும் என்று நான் பார்த்ததில்லை. நாலு அடி தள்ளித்தான் லேத் இருந்தது.

இரண்டு நாள் இடைவிடாமல் வெட்டினாள். ஒரு வளையத்தைப் பிடித்து, முகத்தைச் சீவி, அளந்து, எழுதி, அடுத்தது. நானும் நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அளந்தேன். பன்னிரண்டு முடிந்ததும் ஒரு கம்பியில் கோத்து இறுக்கி மொத்த நீளம் பார்த்தோம். அந்த யோசனை அவளுடையது. "கடைசில போய் மாட்டறத விட பாதிலயே பாத்துக்கலாம்" என்றாள். இன்றும் எங்கள் பட்டறையில் அடுக்கி வைக்கிற எந்த வேலைக்கும் பாதியில் ஒருமுறை கோத்துப் பார்க்கிறோம்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் பதினொரு மணிக்கு மறுபடி தகட்டைத் தூக்கி வைத்தார்கள். போர்மேன் இந்தத் தடவை அவளிடம் ஸ்பேனரைக் கொடுத்தார். "நீயே முடுக்கு. அப்புறம் நான் முடுக்குனதால உக்காரலன்னு சொல்லுவ."

"உக்காந்துச்சுனா?"

"உக்காந்துச்சுனா டீ நான் வாங்கறேன்."

நான்கு போல்ட்டையும் மாற்றி மாற்றி முடுக்கினாள். தகடு பெட்டியோடு ஒட்டி உட்கார்ந்தது. மிஞ்சிய ஒரு மில்லிமீட்டருக்கு மெல்லிய தகடு வெட்டிச் செருகினோம். மோட்டாரைப் போட்டுவிட்டு ஒரு காலி பாட்டிலைப் போர்மேன் உள்ளே எறிந்தார். கீழே விழுந்த துண்டுகளை அவள் கையில் அள்ளி ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினாள். எனக்கு ஒரு கைப்பிடி மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு மணிக்கு லாரி கிளம்பியது. அன்று டீ மட்டும் வரவில்லை, போண்டாவும் வந்தது.

லேத் உனக்குத்தான் என்று அவளிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பௌர்ணமி விடுமுறை முடிந்து வந்த காலையில் போர்மேன் புது வேலைக்கான இரும்புப் பட்டைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இரண்டாவது லேத்துக்குப் பக்கத்தில் இறக்கினார். மேலே என் டிராயிங்கை வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு நட்டைத் தூக்கி வைத்தார். "சாயங்காலத்துக்குள்ள ஆறு வேணும்" என்று சொல்லிவிட்டுத் தன் லேத்துக்குப் போனார். அவள் சேலைமேல் போட்டிருந்த சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டாள். டிராயிங்கை எடுத்தாள். எல்லா அளவையும் விரல் வைத்துப் படித்தாள். பிறகு மிஷினைப் போடாமல் நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, இந்த ஓட்டைக்கு அளவு எங்கேர்ந்து போட்டிருக்கீங்க?"

"அந்த ஓரத்துலேர்ந்து."

"அந்த ஓரம் ரம்பத்துல அறுத்து வந்த ஓரம். வந்து பாருங்க, கோணலா இருக்குது. மேல வச்சு அளந்தா ஒரு கணக்கு, கீழ வச்சு அளந்தா ஒரு கணக்கு. நான் எத நம்பறது?"

எழுந்து போய்ப் பார்த்தேன். கோணலாகத்தான் இருந்தது. டிராயிங்கில் அது நேர்கோடு.

"சீவி எடுத்த பக்கம் எது?" என்று கேட்டேன். அவள் காட்டினாள். அங்கேயே நின்று, லேத்தின் மேல் தாளை வைத்து, பழைய அளவை அடித்துவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். அவள் வாங்கி ஒருமுறை சரிபார்த்தாள்.

"இது வெட்டலாம்" என்று மிஷினைப் போட்டாள்.